வெள்ளை முட்டைக்கு அடைவைத்தவள்

கோழிகள் லட்சக்கணக்கில் இருந்தும் சேவல் கூவி விடியாத ஊர் ஒன்று உண்டென்றால், அது நாமக்கல்லுக்குக் கிழக்கே கரட்டுக் குன்றடியில் கிடக்கும் கருங்கல்வலசுதான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நீளநீளமான கொட்டகைகள், கொட்டகைக்குள் அடுக்கடுக்காய்க் கம்பிக் கூண்டுகள், கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள், கோழிகளுக்கு அடியில் சரிந்து உருண்டு வரும் முட்டைகள், முட்டைகளைப் பொறுக்கும் பெண்கள், அடுக்கும் அட்டைகள், ஏற்றும் லாரிகள் என்று எல்லாம் இருக்கும் அந்த ஊரில் சேவல் என்று ஒன்று கிடையாது. முட்டைக்காக வளர்க்கிற கோழிக்குச் சேவல் எதற்கு என்று பண்ணைக்காரர்கள் வைப்பதில்லை. பண்ணைக்குச் சீக்கு வந்துவிடும் என்று ஊருக்குள்ளும் நாட்டுக்கோழி வளர்க்க விடுவதில்லை. லாரி ஹாரன் அடித்தால் விடிந்தது என்று அங்கே அர்த்தம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை என்பது புளி, மிளகாய் மாதிரி ஒரு சரக்கு, அவ்வளவுதான்.

அந்த ஊருக்குத்தான், வங்கக் கடலோரத்துக் குப்பம் ஒன்றிலிருந்து, நாலு சேலையும் இரண்டு பாத்திரமும் அடைத்த தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாழ வந்தாள் குணவதி. தம்பி தங்கைகளை ஒவ்வொருவராய்க் கரையேற்றிவிட்டு, சரி, இனி நம்மைப் பார்ப்போம் என்று அவள் நிமிர்ந்தபோது காதோரம் நரை எட்டிப் பார்த்திருந்தது. அவள் வேலை பார்த்த மொத்தக்கடைக்கு முட்டை லோடு கொண்டுவந்த செங்கோட்டுவேல் மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன், டீ குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறவன். அந்த டம்ளரைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று குணவதி பின்னாளில் சொல்வாள். கோயிலில் மாலை மாற்றி, ஓட்டலில் சாப்பிட்டு, அதே லாரியில் ஏறி வந்துவிட்டார்கள்.

வந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண் இருந்தாள், பெயர் கனிஷ்கா. அவள் குணவதியிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், போட்டதைச் சாப்பிட்டாள், சொன்னதைக் கேட்டாள், ஆனால் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. அம்மா என்று கூப்பிட வேண்டாம், சித்தி என்றாவது கூப்பிடலாம் அல்லவா, அதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, குணவதி திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். சோறு வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் மெல்லத் தட்டுவாள். வேறு ஏதாவது என்றால் அப்பா லோடு இறக்கிவிட்டு வரும்வரை காத்திருந்து, அவனிடம் "அவங்க" என்று தொடங்கிச் சொல்வாள். ஒரு பிள்ளை ஒரு வார்த்தையை வாயிலிருந்து விடாமல் இத்தனை சாமர்த்தியமாக நாளைக் கடத்த முடியும் என்பதே குணவதிக்கு ஆச்சரியமாக இருந்தது, வலிக்கவும் வலித்தது.

இதற்கு ஒரு கெடுவும் இருந்தது. செத்துப்போன முதல் மனைவி சுகந்தியின் அக்கா கோகிலா, கரூரில் இருப்பவள், தங்கமான மனுஷி, கல்யாணத்தன்றே செங்கோட்டுவேலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தாள். கோடை லீவு முழுக்கப் பிள்ளை இங்கேயே இருக்கட்டும், புதுசாக வந்தவளோடு ஒட்டினால் எனக்கும் சந்தோஷம், ஒட்டவில்லை என்றால் பள்ளிக்கூடம் திறக்கையில் நான் வந்து கூட்டிக்கொண்டு போய் கரூரில் சேர்த்துவிடுகிறேன் என்றாள். அதில் தப்பொன்றும் இல்லை என்று அவனுக்கும் பட்டது, குணவதிக்கும் பட்டது. தப்பில்லாத பேச்சாக இருந்ததால்தான் அவளுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் விளிம்பு முழுக்கச் சுகந்தி எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள், எல்லாம் ஒரே அரக்கு நிறம், ஒரே அளவு. குளிக்கப் போகுமுன் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை, மறுபடி எடுக்க ஆள் இல்லாமல் அப்படியே இருந்தன. வந்த முதல் நாளே குணவதி அதைப் பார்த்தாள். வீட்டைப் பெருக்கினாள், ஒட்டடை அடித்தாள், பாசி பிடித்த தொட்டியைத் தேய்த்தாள், அந்தக் கண்ணாடியை மட்டும் நடுவில் துடைத்துவிட்டு ஓரத்தை விட்டுவிட்டாள். தன் பொட்டைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

லீவு விட்ட அன்று பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வீடே குமட்டியது. பைக்குள் பென்சில் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு பண்ணை முட்டை அழுகி உடைந்திருந்தது. குணவதி ஒன்றும் கேட்காமல் பையைக் கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தபோது, கனிஷ்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, சுவரிடம் சொல்கிறவள் மாதிரி அழுதுகொண்டிருந்தாள். "அம்மாதான் சொல்லுச்சு. இந்த முட்டைக்கெல்லாம் அடைகாக்க யாருமே இல்ல, அதனாலதான் குஞ்சு வர்றதில்லன்னு. யாராச்சும் அடைகாத்தா வருமுன்னு சொல்லுச்சு."

சுகந்தி என்றைக்கோ, வேலை மும்முரத்தில், நச்சரித்த பிள்ளையின் வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை அது. கருங்கல்வலசில் பிறந்த யாராக இருந்தாலும் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். குணவதி சிரிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. அவளுடைய குப்பத்தில் வலைக்கும் படகுக்கும் நடுவே சேவலும் கோழியும் சேர்ந்து மேய்ந்தன, கோழி முட்டையிட்டது, அடைவைத்தால் பொரித்தது. பொரிக்காத முட்டை என்று ஒரு சாதி உலகத்தில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இவ்வளவுதானா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பரணிலிருந்து மீன் பெட்டியை இறக்கினாள்.

பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு, காற்றைச் சுழற்ற ஒரு சின்ன விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடும் ஒரு கருவி, ஈரம் காக்க ஒரு கிண்ணம் தண்ணீர், மூடியில் சதுரமாக வெட்டி ஒட்டிய கண்ணாடித் துண்டு என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவள் ஒரு இன்குபேட்டர் செய்தாள். எத்தனை கழுவியும் அதில் வஞ்சிர வாசனை போகவில்லை. சாமான் விற்ற எலக்ட்ரிக் கடைக்காரர், குஞ்சு பொரிக்கவா, நல்லது என்றார். வெளியூரிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வாங்கி வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பண்ணை முட்டை பொரிக்காது என்று அவளிடம் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நெருப்பு சுடும் என்று வளர்ந்த மனுஷிக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

அலமாரியில் இருந்த அட்டையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு டஜன் முட்டைகளைக் கனிஷ்காவே பார்த்து எடுத்தாள். திருப்பிவிடும்போது எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக அடையாளம் போடச் சொல்லியிருந்தது வீடியோ. அவள் ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கண், மூக்கு, வாய் வரைந்தாள், மறுபக்கம் ரெட்டைப் பின்னல் வரைந்தாள். காலையில் முகம் மேலே இருக்கும், உச்சிப்பொழுதில் பின்னல், சாயங்காலம் மறுபடி முகம், படுக்கப் போகையில் மறுபடி பின்னல். கடைசி முட்டைக்கு மட்டும் அவள் கண்ணாடிக்குப் போய், விளிம்பிலிருந்து ஒரு அரக்குப் பொட்டைப் பெயர்த்து எடுத்துவந்து, வரைந்த முகத்தின் நெற்றியில் ஒட்டினாள். குணவதி அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி விசிறியைச் சரி செய்தாள்.

கேரளத்துக்கு லோடு அடித்துவிட்டு வந்த செங்கோட்டுவேல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மனைவியும் மகளும் தலையோடு தலை முட்ட ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். பெட்டிக்குள் வெள்ளை முட்டைகளைக் கண்டான். சாப்பிட்டுவிட்டுப் போய் லாரியைக் கழுவினான். கழுவி முடித்த லாரியை மறுபடியும் கழுவினான்.

கனிஷ்கா பேசவில்லை என்பதால் குணவதி முட்டைகளிடம் பேசினாள். திருப்பிவிடும்போதெல்லாம், என்னடா கண்ணு, தலை பாரு சிக்குப் புடிச்சுக் கெடக்கு, வந்தா சீவிவிடுவேன்ல என்பாள். கத்திரிக்காய் புடிக்கலைன்னா சொல்லணும், தட்டுக்கடியில ஒளிச்சு வைக்கக் கூடாது என்பாள். எங்க ஊர்க் கடலைப் பாக்கணும்னா ஒரு நாள் போகலாம், பயப்படாத, நான் கையைப் புடிச்சுக்குவேன் என்பாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், சில நாளில் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், இன்னும் சில நாளில் அவளும் முட்டைகளிடம் பேச ஆரம்பித்தாள். நாளைக்கு இட்லி வேண்டாம், தோசை என்று ஒரு முட்டையிடம் சொல்வாள். மறுநாள் தோசை இருக்கும். வாய்க்கும் காதுக்கும் நடுவில் ஒரு டஜன் முட்டையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இப்படித்தான் பேசப் பழகியது.

பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் ராசாமணியக்கா அடுத்த வீட்டுக்காரி, வெள்ளை மனசு, கொஞ்சம் பெரிய குரல். அவள்தான் ஒருநாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடித்ததும் குணவதியின் முகத்தைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. கனிஷ்கா கடைக்குப் போயிருந்தாள். ராசாமணியக்கா கதவைச் சாத்திவிட்டு, ஒரு முட்டையை எடுத்து டார்ச் விளக்கின் மேல் வைத்துக் காட்டினாள். கருப்பிடித்த முட்டை என்றால் சிவப்பாய் நரம்பு ஓடும், கறுப்பாய் ஒரு கண் தெரியும். இது கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. ஒவ்வொன்றாய் எல்லாவற்றையும் பார்த்தார்கள், எல்லாமே தெளிந்து கிடந்தன.

"பண்ணை முட்டைங்கண்ணு இது. சேவலே சேராத கோழி போட்டது, இதுல ஏது உசுரு? நீ ஒண்ணும் கவலப்படாத. எங்கம்மா ஊர்ல நாட்டுக்கோழி முட்டை இருக்குது, நான் கொண்டாந்து தர்றேன். புள்ளைக்குத் தெரியாம மாத்தி வெச்சுரு" என்றாள் ராசாமணியக்கா.

குணவதி டார்ச்சை வாங்கி அணைத்தாள். வெகுநேரம் முட்டைகளில் வரைந்திருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாத்துப் பாத்துக் கண்ணு வரைஞ்சது இதுங்களுக்குத்தானேக்கா" என்றாள் கடைசியில். "வேற முட்டைய வச்சா குஞ்சு வரும். ஆனா அது நான் ஏமாத்திக் கொண்டுவந்த குஞ்சா இருக்கும். இதுங்க பொரிக்கலைன்னா, அவகூட உக்காந்து நானும் அழுதுட்டுப் போறேன். பொய் சொல்லிட்டு அந்தப் புள்ள மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

ராசாமணியக்காவிடம் சொன்னது ஊர் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. கடற்கரைக்காரி பண்ணை முட்டைக்கு அடைவைத்திருக்கிறாள் என்ற செய்தி கொட்டகைக்குக் கொட்டகை போனது, பரோட்டாக் கடைக்குப் போனது, லாரி ஸ்டாண்டுக்குப் போனது, போன இடமெல்லாம் சிரிப்பாகக் கிடந்தது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் அதைப் பிள்ளையின் காதில் போடவில்லை. இதை மட்டும் அந்த ஊருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும். குணவதியோ, வெறும் முட்டை என்று தெரிந்தே கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள், தெரிந்தே காலையில் முகத்தையும் உச்சியில் பின்னலையும் திருப்பினாள். பொரிக்கும் நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பொரிக்கவில்லை என்று தெரிகிற அன்றைக்குப் பிள்ளை தன்னை ஒரு பார்வை பார்க்கும், பிறகு பெரியம்மாவோடு பஸ் ஏறிவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இடையில் ஒரு பகல் கோடைமழை பிடித்து, டிரான்ஸ்பார்மர் வெடித்து, கரண்ட் போய்விட்டது. பல்பு அணைந்தது. குணவதி கம்பளியால் பெட்டியைச் சுற்றினாள், அடுப்பில் தண்ணீர் காயவைத்தாள், பாட்டிலில் ஊற்றி முட்டைகளுக்கு நடுவில் வைத்தாள், அது ஆறியது, மறுபடி காயவைத்தாள், கேஸ் தீர்ந்துபோனது. அப்போது மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ராசாமணியக்கா ஒரு போசி வெந்நீரோடு வந்தாள், அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரி வந்தாள், பரோட்டா மாஸ்டர் பாய்லர் தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார், சிரித்த வாய்கள் ஒவ்வொன்றும் வெந்நீரோடு வந்தன. முட்டையில் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சூடு ஆறக் கூடாது என்றார்கள். குணவதியும் கனிஷ்காவும் ஒரே கம்பளிக்குள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளையின் தலை எப்போது தன் தோளில் சாய்ந்தது என்று குணவதிக்குத் தெரியவில்லை, அசையாமல் இருந்ததில் அவள் கால் மரத்துப்போனது.

மூன்று வாரம் முடிந்த காலையில் முட்டைகள் பொரித்தன.

முதலில் உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம், பிறகு வரைந்த ஒரு மூக்கின் மேல் ஒரு கீறல், கீறல் வட்டமாக ஓடி ஒரு தொப்பி கழன்ற மாதிரி ஓடு விலகி, நனைந்த பஞ்சுத் துணுக்காக ஒன்று வெளியே விழுந்து, விழுந்த இடத்தில் படுத்து மூச்சு வாங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, மத்தியானத்துக்குள் பதினோரு குஞ்சுகள் உலர்ந்து மஞ்சளாய்ப் பூத்து நின்றன. கனிஷ்கா துள்ளவுமில்லை, கூச்சல் போடவுமில்லை. அடைகாத்தால் வரும் என்று அவளுக்கு முன்பே தெரியுமே. குணவதிதான் பெட்டியோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அதன் பிறகு கருங்கல்வலசு என்ன பாடுபட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ராசாமணியக்கா வந்து பார்த்தாள், வீட்டுக்குப் போய் அன்றைக்கு ரசம் வைத்தாள். முட்டைக் குழம்புக்கு எடுத்து வைத்திருந்ததை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. பரோட்டா மாஸ்டர் கல்லில் ஊற்றுமுன் ஒவ்வொரு முட்டையையும் காதில் வைத்துக் கேட்டார், கேட்டு முடிப்பதற்குள் கொத்துப் பரோட்டா கரிந்தது. லாரிக்காரர்கள் வேகத்தடையில், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஏறி இறங்கினார்கள். பண்ணை முட்டையில் உயிர் கிடையாது, அது சைவம் என்று டாக்டர் சொன்னதை நம்பித் தினம் ஒன்று அவித்துச் சாப்பிட்டு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இத்தனை வருஷம் சாப்பிட்டதற்கெல்லாம் என்ன பிராயச்சித்தம் என்று கோயில் பூசாரியைக் கேட்டார். பூசாரி தானும் சாப்பிட்டிருந்ததால் திருநீறு மட்டும் கொடுத்தார். தரம் பிரிக்கும் கொட்டகையில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சண்டை போட வேண்டியிருந்தால் வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பண்ணைக்காரர் குமரேசன் கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். விஷயம் வெளியே போனால் முட்டை வாங்க ஆள் வராது என்று அவருக்குப் பயம். மருத்துவர் முட்டையோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இப்படி நடக்க வழியே இல்லை என்றார், சொல்லிவிட்டு, என் பையனுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். குமரேசன் திட்டுவதற்கென்றே கிளம்பி வந்தவர். ஆனால் ஒரு குஞ்சு தடுமாறி நடந்துவந்து அவருடைய ஷூவின் மேல் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவருடைய பண்ணைக்குக் குஞ்சுகள் டப்பாவில்தான் வரும், டப்பா டப்பாவாகத்தான் அவர் அவற்றைப் பார்த்திருக்கிறார். அது எழுந்திருக்கும்வரை அவர் காலை அசைக்காமல் நின்றார். மருத்துவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சோதனை நடந்தது. பெரிய பொரிப்பகத்தின் மெஷினில் அதே பண்ணை முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள், அழுகின. குணவதியின் பெட்டி மாதிரியே வஞ்சிரம் நாறும் பெட்டி வாங்கிவந்து வைத்துப் பார்த்தார்கள், அழுகின. ரகசியம் என்ன என்று குணவதியைக் கேட்டார்கள். தண்ணி வத்தாம பாத்துக்கணும் என்று அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கொஞ்ச நாளில் ஊர் அதைக் கேட்பதை விட்டுவிட்டது, வியாபாரமும் பழையபடி நடந்தது. உடைக்கும் முன் முட்டையை ஒருமுறை காதில் வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் கருங்கல்வலசில் தங்கிவிட்டது, இன்றைக்கும் அங்கே ஆம்லெட் சொன்னால் சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஊருக்குள் கோழி வளர்க்கக் கூடாது என்ற விதிக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, பண்ணை முட்டையில் வந்தது பண்ணைக் கோழிதானே, அது எங்கே இருந்தால் என்ன என்று குமரேசனே ஒரு வழியும் சொல்லிவிட்டார்.

பதினொன்று பொரித்தன என்றேன். பன்னிரண்டாவது பொரிக்கவில்லை, அது பொட்டு வைத்த முட்டை.

குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றிய பிறகும் கனிஷ்கா அதைப் பெட்டியிலிருந்து எடுக்க விடவில்லை. நாள் கடந்த முட்டை வெடித்துவிடும், தூக்கிப் போடு என்று ராசாமணியக்கா சொன்னாள், எதிர்வீட்டுக்காரி சொன்னாள், வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். குணவதி பல்பை எரியவிட்டாள், காலையில் முகத்தையும் உச்சியில் பின்னலையும் திருப்பிக்கொண்டே இருந்தாள். அந்த முட்டைக்குள் யாரைப் பிள்ளை எதிர்பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொட்டுக்காரி வந்துவிட்டால் தனக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்றும் ஒருநாள் நினைத்துப் பார்த்தாள், நினைத்துவிட்டு, வரட்டுமே, பாவம், இந்தப் பிள்ளைக்காக வரட்டுமே என்று கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றினாள். இப்படி நினைக்க ஒரு மனசு வேண்டும். அந்த மனசு அவளிடம் இருந்தது, அது இருப்பது அவளுக்கே தெரியாமல் இருந்தது.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியதால் பள்ளிக்கூடத் திறப்பைத் தள்ளிப்போட்டார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் ஒரு தேதி நின்றது. அதற்கு முதல் நாள் காலையில் கோகிலா கரூரிலிருந்து வந்து இறங்கினாள். குணவதி இட்லி அவித்திருந்தாள், பிள்ளையின் துணிகளை மடித்து, அந்தப் பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்தாள், கத்திரிக்காய் பிடிக்காது என்பதிலிருந்து தலை சீவும்போது வலது பக்கம் வலிக்கும் என்பதுவரை எல்லாவற்றையும் கோகிலாவிடம் ஒப்பித்தாள். குரல் உடையாமல் பேசிவிட்டோம் என்று அவளுக்கே நிம்மதியாக இருந்தது. பிள்ளை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை, அதனால் போகாதே என்று கேட்க அவளுக்கு உரிமையும் இல்லை. செங்கோட்டுவேல் வாசலில் நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெளம்பலாமா கண்ணு" என்றாள் கோகிலா.

கனிஷ்கா எழுந்திருக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இது இன்னும் பொரிக்கல பெரிம்மா" என்றாள்.

கோகிலா குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவளும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். மூடியைத் திறந்து முட்டையை எடுத்து, அலமாரியில் இருந்த டார்ச்சின் மேல் வைத்துப் பிள்ளைக்குக் காட்டினாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. வெறும் முட்டை சாமி, இதுல ஒண்ணுமே இல்ல பாரு என்றாள் மெதுவாக.

"எனக்குத் தெரியும், நானே டார்ச் அடிச்சுப் பாத்தேன்" என்றாள் கனிஷ்கா. "எல்லாமே வெறும் முட்டையாத்தான் பெரிம்மா இருந்துச்சு."

கோகிலாவின் கையில் முட்டை திரும்பியது. மறுபக்கத்தில் முகம் இருந்தது, நெற்றியில் அரக்குப் பொட்டு இருந்தது. அந்த நிறம், அந்த அளவு அவளுக்குத் தெரியும். தங்கச்சிக்கு அந்தப் பாக்கெட்டைத் திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அவள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள், விளிம்பில் ஒன்று குறைந்த வரிசையைப் பார்த்தாள், சுவரில் தனியாக ஒட்டியிருந்த குணவதியின் பொட்டைப் பார்த்தாள். பிறகு முட்டையைச் சூடு ஆறுவதற்குள் பெட்டியில் வைத்து, மூடியைச் சாத்திவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகள் கூடையை விட்டு இறங்கிவந்து குணவதியின் கால்களைச் சுற்றி மேய்ந்தன.

கனிஷ்கா கண்ணாடித் துண்டில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"அம்மா, தண்ணி வத்திப்போச்சு."

குணவதி அசையவில்லை. பிள்ளை அந்தப் பொட்டு முட்டையிடம் பேசுகிறாள், பேசட்டும் என்று கதவோரமாகவே நின்றாள். கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததை விட்டுவிட்ட எந்த அடையாளமும் அந்த முகத்தில் இல்லை, வேலை நடக்கவில்லையே என்கிற சலிப்புதான் இருந்தது.

"உன்னத்தாம்மா. கிண்ணத்துல தண்ணி இல்ல பாரு."

"வரேன்டா" என்று குணவதி சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு, பாதியை வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்து, மீதியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பிள்ளை நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். கோகிலா பையைப் பிரித்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாய் எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாள்.